முதற்பெயர் தெரியாதவள்

தொல்காப்பியம் பிரிவுகளைச் சொல்லும்போது ஓதலைத்தான் முதலில் வைக்கிறது. அடுத்துப் பகை, அடுத்துத் தூது. கற்பியலில் அதற்குக் கால வரையறையும் உண்டு. கல்விக்காகப் பிரிந்து போனவன் மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது. அகத்திணையியலில் இன்னொரு நூற்பா, கடல் கடக்கும் பயணத்தில் பெண்ணைச் சேர்ப்பதில்லை என்கிற பொருளில் வருகிறது. அந்த நூற்பாவுக்குப் பொருள் கொள்வதில் உரையாசிரியர்கள் வேறுபடுகிறார்கள். எந்த உரையை எடுத்துக்கொண்டாலும் படிக்கப் போகிறவன் அவன், வாசலில் நிற்பவள் அவள்.

முதுகலை வகுப்பில் இதை நடத்திக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "அம்மா, அமெரிக்காவுல பிஎச்.டி. அஞ்சாறு வருஷம் ஆகுமாமே, அதுக்கு நூற்பா இருக்கா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. (தமிழ்த்துறையில் எங்களை 'மேம்' என்று கூப்பிடுவதில்லை, 'அம்மா'தான். வேறு துறைக்காரர்கள் இதைக் கேலி செய்வார்கள்.) அவள் கேலிக்குக் கேட்கவில்லை என்பது இரண்டு வாரம் கழித்து என் மேசைக்கு வந்து நின்றபோது தெரிந்தது. "அம்மா, எனக்கு ஒரு ரெக்கமண்டேஷன் லெட்டர் வேணும்."

அவளுக்கு முன்னும் பின்னும் பலருக்கு எழுதியிருக்கிறேன். தாவரவியல், வரலாறு, ஆங்கிலம் என்று வேறு துறைப் பெண்களும் வருவார்கள். பகுதி ஒன்றில் தமிழ் நடத்தியவள் என்கிற முறையில் மூன்றாவது கடிதத்துக்கு நான் போதும் என்று நினைத்து வருவார்கள். அந்தக் கடிதங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் ஊரில் ஒரு பெண்ணின் விண்ணப்பம் முதலில் பலவீனப்படுவது அங்கேதான்.

பரிந்துரைக் கடிதம் என்றால் நம் கல்லூரிகளில் பலருக்கு நினைவுக்கு வருவது நன்னடத்தைச் சான்றிதழ். அடக்கமானவள், ஒழுங்காக வகுப்புக்கு வருவாள், ஆசிரியர்களை மதிப்பாள், எல்லோருடனும் இனிமையாகப் பழகுவாள். 'நல்ல குடும்பத்துப் பெண்' என்று முடிந்த ஒரு கடிதத்தையும் பார்த்திருக்கிறேன். அதே கையால் ஒரு பையனுக்கு எழுதிய கடிதத்தில் 'சொந்தமாகச் சிந்திப்பவன், கேள்வி கேட்பவன்' என்று இருந்தது. அந்தப் பையன் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. இது நம் ஊர் நோய் மட்டும் இல்லை. பிரான்சிஸ் டிரிக்ஸ், கரோலின் சென்கா என்ற இருவர் அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றுக்கு வந்த 300க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களைப் படித்து 2003இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பெண்களுக்கான கடிதங்கள் சராசரியாகக் குட்டையாக இருந்தன. ஆண்களுக்கு ஆராய்ச்சி, பெண்களுக்குக் கற்பித்தலும் உழைப்பும் என்று சொற்கள் பிரிந்து கிடந்தன. அங்கே நுட்பமாக நடப்பது இங்கே பட்டவர்த்தனமாக நடக்கிறது.

அதைவிடக் கொடுமை, "நீயே எழுதிட்டு வாம்மா, நான் கையெழுத்துப் போடறேன்" என்பது. விண்ணப்பத்தில் ஒரு கட்டம் உண்டு. 'இந்தக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்' என்று மாணவி அதில் டிக் அடிக்க வேண்டும். கடிதம் ரகசியமாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு என்பது அங்கத்திய கணக்கு. இங்கே அந்த ரகசியக் கடிதத்தை எழுதியவளே அவள்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் தன்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னால் 'திமிரு' என்று கேட்டு வளர்ந்தவளிடம் அவளைப் பற்றி அவளே புகழ்ந்து எழுதச் சொன்னால் என்ன எழுதுவாள்? 'ஹார்ட் வொர்க்கிங்' என்று மூன்று இடத்தில் எழுதுவாள். இந்த மாணவியும் வேறொரு பேராசிரியருக்காக அப்படி ஒன்றை எழுதி வைத்திருந்தாள். அதை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, அவளுடைய பருவத்தேர்வுக் கட்டுரைகளைக் கொண்டுவரச் சொன்னேன். கடிதத்தில் எழுத வேண்டியது அந்தக் கட்டுரைகளுக்குள் இருந்தது. எந்த வாதத்தை எப்படி மறுத்தாள், எந்த உரையை எங்கே சந்தேகப்பட்டாள், இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்த மாணவர்களில் அவள் எங்கே நிற்கிறாள். இந்தக் கடைசிக் கேள்வியைப் படிவமே கேட்கும். முதல் ஒரு சதவீதமா, ஐந்தா, பத்தா என்று. நம்மவர்கள் பத்தில் டிக் போடுவார்கள், தாராளமாகப் போட்டதாக நினைத்துக்கொண்டு.

அடுத்தது எஸ்.ஓ.பி., அதாவது நோக்க அறிக்கை. இரண்டு பக்கம். அவள் கொண்டுவந்த முதல் வரைவு பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் எளிய குடும்பத்தில் பிறந்தேன் என்று தொடங்கி, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆசிரியர்களுக்கும் நன்றி சொல்லி, சமுதாயத்துக்குச் சேவை செய்வேன் என்று முடிந்தது. இரண்டு பக்கத்திலும் அவள் இல்லை. 'நான்' என்று தொடங்கிய வாக்கியங்கள் எல்லாம் இரண்டாம் சொல்லிலேயே வீட்டுக்குப் போய்விட்டன. நான் கேட்டேன்: "உனக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள். "எங்க அப்பாயி கூலிக்கு மாரடிக்கப் போகும்மா. ஊருத்தெருவுல எழவு விழுந்தா கூப்புடுவாங்க. அங்க பாடுற பாட்டு வேற, எங்க தெருவுல செத்தா பாடுற பாட்டு வேற. அங்க பாடிட்டு வீட்டுக்கு வந்து அதே மெட்டுல வேற என்னமோ பாடும். திட்டுற மாதிரி இருக்கும். அது எதுக்குன்னு தெரிஞ்சுக்கணும். இதையெல்லாம் யாரும் எழுதலல்ல?"

எழுதியிருக்கிறார்கள். மார்கரெட் டிராவிக், பறையர் பெண்களின் அழுகைப் பாடல்களைப் பற்றி 1980களிலேயே எழுதினார். இசபெல் கிளார்க்-டெசே தமிழ் ஒப்பாரிகளைப் பற்றி எழுதிய ஆங்கிலப் புத்தகம் 2005இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பதிப்பாக வந்தது. இரண்டையும் தேடி எடுத்துக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து வந்தாள். முகத்தில் மகிழ்ச்சியா கோபமா என்று தெரியவில்லை. "பாட்டுப் பாடுனவங்க பேரு எங்கம்மா?" என்றாள். மானுடவியலில் பெயரை மறைப்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு, அதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "சரிம்மா. ஆனா எங்க அப்பாயி பேர நான் போடுவேன்." அடுத்த வரைவின் முதல் வாக்கியம் அதுதான். அப்பாயியின் பெயரோடு தொடங்கியது. அதற்குப் பிறகு நான் ஆங்கிலத்தில் சில இடங்களைச் சரிசெய்ததோடு சரி.

பணத்துக்கு வருவோம். அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்குச் சேர்பவர்களுக்குப் பெரும்பாலான பெரிய பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகையும் தருவார்கள், பதிலுக்குச் சில ஆண்டுகள் வகுப்பெடுக்க வேண்டியிருக்கும். இது நம் வீடுகளில் தெரியாது. வெளிநாட்டுப் படிப்பு என்றாலே அரைக் கோடி என்று நினைத்து அப்பாக்கள் பேச்சை முடித்துவிடுகிறார்கள். அந்தத் தொகை பெரும்பாலும் முதுகலைப் படிப்புக்கானது. ஆனால் முனைவர் பட்டத்துக்கும் விண்ணப்பிக்கவே பணம் வேண்டும். ஒரு பல்கலைக்கழகத்துக்கு 75 முதல் 125 டாலர். ஐந்து இடம் என்றால் அரை லட்சத்தை நெருங்கும். கூடவே டோஃபல், மதிப்பெண் பட்டியல்களின் நகல், கூரியர். அவளுடைய அம்மா தோட்டை அடகு வைத்தார். பிறகுதான் கட்டண விலக்கு கேட்டு மின்னஞ்சல் அனுப்பலாம் என்று கண்டுபிடித்தோம். இரண்டு இடத்தில் கொடுத்தார்கள். இதைப் படிக்கிற மாணவிகள் அடகுக் கடைக்குப் போவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கேட்பதில் அவமானம் ஏதும் இல்லை, அதற்கென்றே படிவம் வைத்திருக்கிறார்கள்.

ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை பட்டியல் சாதியினருக்கும் சீர்மரபினருக்கும் நிலமற்ற வேளாண் தொழிலாளர், கைவினைஞர் குடும்பங்களுக்குமானது. 125 இடங்கள், அதில் 30 சதவீதம் பெண்களுக்கு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அவளுக்கு எல்லாத் தகுதியும் இருந்தது, ஒன்றைத் தவிர. 2022இல் விதிகளைத் திருத்தியபோது இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளை நீக்கிவிட்டார்கள். அதை இந்தியாவிலேயே படிக்கலாமே என்பது சொல்லப்பட்ட காரணம். ஆக, அவள் பொறியியல் படித்திருந்தால் அந்தப் பணத்தில் போகலாம். தன் அப்பாயி ஏன் இரண்டு விதமாக அழுதாள் என்று கேட்கப் போனால் பணம் கிடையாது. அந்தப் பாட்டைப் பற்றி அங்கிருந்து வந்து எழுதலாம், இங்கிருந்து போய் எழுதக் கூடாது. எனக்கு இந்த விதியைப் படித்த நாளில் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

கதவை இப்படிச் சட்டம் பேசி மூடுவது புதிதும் இல்லை. கொர்னீலியா சொராப்ஜி பம்பாய்ப் பல்கலைக்கழகத் தேர்வில் முதலிடம் வந்தும் இங்கிலாந்து போவதற்கான அரசு உதவித்தொகை கிடைக்கவில்லை, பெண் என்பதால். இங்கிலாந்தில் சிலர் சேர்ந்து பணம் திரட்டியதால் 1889இல் ஆக்ஸ்போர்டு போனார். 1892இல் சட்டத் தேர்வு எழுதினார். அந்தப் பல்கலைக்கழகம் அப்போது பெண்களுக்குப் பட்டம் தருவதில்லை, அவர் பட்டத்தைக் கையில் வாங்கியது 1922இல். முப்பது ஆண்டு. நம் பக்கத்தில் தாவரவியலாளர் ஜானகி அம்மாள், தலச்சேரிப் பெண், சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், 1920களில் மிச்சிகன் போனார், 1931இல் முனைவரானார். அவருக்கு உதவியது பார்பர் உதவித்தொகை. ஆசியப் பெண்களுக்கென்றே 1917இல் அந்தப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய நிதி அது. பெண்களுக்கென்று ஒருவர் ஒதுக்கிவைத்த பணம் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு அவர் ஆராய்ந்த கரும்பே சாட்சி.

என் காலத்தில் இப்படி ஒரு கதவு ஒரு கடித உறையாக வந்தது. நான் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஓராண்டு வந்து தமிழ் கற்பிக்க ஆள் கேட்டுத் துறைக்குக் கடிதம் வந்திருந்தது. அது எனக்குத் தெரிந்தது ஆறு மாதம் கழித்து, உடன் ஆய்வு செய்த நண்பர் அங்கிருந்து படம் அனுப்பியபோது. நெறியாளரிடம் கேட்டேன். "உனக்குத்தான் கைக்குழந்தை இருக்கேம்மா" என்றார், அன்பாகவே. போயிருப்பேனா என்று எனக்கே தெரியாது. அந்தக் கேள்வியை என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு வாரமாவது நான் யோசித்திருக்கலாம். அந்த ஒரு வாரத்தைத்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

இன்னொருத்தி கதை வேறு மாதிரி. தாவரவியல் முதுகலைக்கு ஜெர்மனி போக வேண்டும். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை. ஆனால் விசாவுக்கு முன் ஓராண்டுச் செலவை முடக்கப்பட்ட கணக்கு ஒன்றில் போட்டுக் காட்ட வேண்டும். அவள் போன சமயத்தில் 11,904 யூரோ, பத்து லட்ச ரூபாய்க்கு மேல். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோவாக அதை அவளுக்கே விடுவிப்பார்கள். வங்கியில் கல்விக்கடன் கேட்டார்கள். ஏழரை லட்சத்துக்கு மேல் என்றால் சொத்து ஈடு வேண்டும் என்றது வங்கி. வீடு இருந்தது. பட்டா தாத்தா பெயரில். தாத்தா செத்துப் பல வருஷம்.

வாரிசுச் சான்றிதழ் வாங்கினால் அதில் நான்கு பெயர். அவள் அப்பா, மூன்று அத்தைகள். தமிழ்நாட்டில் 1989லிருந்து பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு. தாத்தா சுயமாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் போன சொத்தில் அதற்கு முன்பே மகளுக்குப் பங்கு உண்டு. சட்டம் இருக்கட்டும், அந்த வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை. அத்தைகளுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் கல்யாணத்திலேயே செய்தாகிவிட்டது என்று அப்பா நம்பிக்கொண்டிருந்தார். இப்போது வங்கியின் வழக்குரைஞர் மூன்று பேரும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் ஆகும் என்றார். தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு ஊர் ஊராகப் போனார் அப்பா. இரண்டு அத்தைகள் போட்டுவிட்டார்கள். மூன்றாவது அத்தை போடவில்லை.

"நான் பத்தாவதுல நல்ல மார்க்கு எடுத்தேன். அப்பாகிட்ட டீச்சர் டிரெய்னிங் போறேன்னு கேட்டேன். கெணறு வெட்டணும், காசு இல்லன்னாரு. இப்ப என் பங்கு ஒன் பேருக்கு ஏன் வரணும்ணே? அவ பேருக்கு எழுதறேன்." அண்ணன் பெயருக்கு விடுதலை என்றால் செலவு குறைவு, அண்ணன் மகளுக்கு எழுதினால் முத்திரைத் தீர்வை கூடும் என்று பத்திரம் எழுதுபவர் எடுத்துச் சொன்னார். அத்தை அசையவில்லை. வீட்டில் ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. அவள் என்னிடம் வந்து அழுதாள், அத்தையால் எல்லாம் போச்சு என்று. அத்தையால்தான் உன் பெயரில் முதல்முறையாக ஒரு சொத்து வரப்போகிறது என்று நான் சொன்னது அப்போது அவள் காதில் ஏறவில்லை. கடைசியில் அப்பா இறங்கிவந்தார். அந்த வீட்டில் கால்பங்கு இன்று அவள் பெயரில் இருக்கிறது. கடன் கிடைத்தது. அத்தைக்கு அவள் அங்கிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோ அழைப்பில் பேசுகிறாளாம்.

ஒப்பாரிப் பெண்ணுக்கு நான்கு இடம் மறுத்து, ஒரு இடம் முழு உதவித்தொகையோடு வந்தது. பதில் சொல்ல ஏப்ரல் 15 வரைக்கும் நேரம் கொடுப்பார்கள். அதுவரை அவள் வீட்டில் பெண் பார்க்க இரண்டு பேர் வந்து போனார்கள். விசா நேர்காணலுக்குத் தயார் செய்த தரகர் ஒருவர், "கல்யாணம் நிச்சயமாயிருக்கு, திரும்பி வந்துருவேன்னு சொல்லும்மா" என்று யோசனை சொன்னார். அமெரிக்கச் சட்டத்தில், மாணவர் விசா கேட்டு வருகிற யாரையும் அங்கேயே தங்கிவிட வருபவராகவே முதலில் எடுத்துக்கொள்வார்கள், திரும்பி வருவேன் என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். சொத்து, வேலை, குடும்பம் என்று ஏதாவது காட்ட வேண்டும். இருபத்து நான்கு வயதில் திருமணமாகாத, நிலமில்லாத பெண்ணிடம் என்ன இருக்கும்? வீட்டில் உறவுக்காரர்கள் கேட்பதும் அதையேதான், போனவள் வருவாளா. அவள் பொய் சொல்லவில்லை. ஜெமினி பக்கத்துத் தூதரகத்தில் கண்ணாடிக்கு அந்தப்புறம் இருந்த அதிகாரி என்ன ஆராய்ச்சி என்று கேட்டாராம். சாவுப் பாட்டு என்றாளாம். இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது.

விசா ஒட்டிய பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினாள். அவள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. நமக்கு இனிஷியல்தானே உண்டு. விசாவில் அவள் பெயரைக் குடும்பப் பெயர் இடத்துக்குத் தள்ளிவிட்டு, முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று மூன்று எழுத்து அச்சடித்திருந்தார்கள். முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம். பல்கலைக்கழக மின்னஞ்சல்களும் 'அன்புள்ள எஃப்.என்.யு.' என்றே வந்துகொண்டிருந்தன. இனிஷியலை விரித்து எழுதியவர்களுக்கு வேறு தொல்லை. வகுப்பில் பேராசிரியர் 'மிஸ் முருகேசன்' என்பார், அப்பா இங்கே வயலில் இருப்பார். திருமணமானவள் என்றால் கணவன் பெயர் வந்து உட்காரும், பிரிந்த பிறகும் சான்றிதழ்களில் தொடரும். பள்ளிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் மூன்று எழுத்துக்கூட்டல் இருந்து நோட்டரி வாசலில் நின்ற பெண்களை எண்ணி மாளாது.

இந்த ஆண்டு மூன்று பேர் கடிதம் கேட்டிருக்கிறார்கள். ஒரு கடிதத்துக்கு டிசம்பர் முதல் தேதி கெடு, மற்ற இரண்டுக்கும் பதினைந்து. அவர்களில் ஒருத்தி நேற்று இரவு அலைபேசியில் கேட்டாள். "அம்மா, பாஸ்போர்ட்டுக்கு அப்ளை பண்றேன். சர்நேம்ங்கிற எடத்துல எங்க அம்மா பேரப் போடலாமா?" பெற்றோர் இருவரில் ஒருவர் பெயரைக் கொடுத்தால் போதும் என்று 2016 டிசம்பரில் பாஸ்போர்ட் விதியை மாற்றினார்கள், அது பெற்றோர் பெயருக்கான கட்டம். குடும்பப் பெயர் வேறு கட்டம். ஆதாரில் எப்படி இருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொன்னேன். புதன்கிழமை பாஸ்போர்ட் அலுவலகத்தில் நேரம் வாங்கியிருக்கிறாள். கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், எனக்கும் அன்று பிற்பகல் வகுப்பு இல்லை.